கிரனாடாவுக்கு அரை நாளா? வேண்டாம்டா தம்பி!

போன ஞாயித்துக்கிழமை ராத்திரி சித்தி பையன் ஜெர்மனியில இருந்து போன் பண்ணினான். அங்க மேல்படிப்பு படிக்கிறான். லீவுல ஸ்பெயின் போகப் போறானாம். திட்டத்தை வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு, "அக்கா, நீங்க போயிட்டு வந்தவங்கதானே, ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க"ன்னான்.

பாத்தேன்.

பார்சிலோனா மூணு நாள். மாட்ரிட் ரெண்டு நாள். செவில் ரெண்டு நாள். கடைசி வரியில, "கிரனாடா: அரை நாள், செவில்ல இருந்து பஸ்ல போயிட்டு வந்துடலாம்."

அரை நாள்!

செவில்ல இருந்து கிரனாடா போக பஸ்ல மூணு மணி நேரம். திரும்பி வர மூணு மணி நேரம். இவன் சொல்ற அரை நாள் பஸ் சீட்லயே முடிஞ்சிடும்.

"இல்லக்கா, அங்க அந்த ஒரு கோட்டைதானே இருக்கு? அதுவும் டிக்கெட் காஸ்ட்லி. வெளிய நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடலாம்னு பாத்தேன்."

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. அவன் மேல இல்ல, பாவம் சின்னப் பையன். '7 நாள்ல 5 நகரம்'னு வீடியோ போட்டுப் போட்டு, ஊர்னா டிக் அடிக்கிற கட்டம்னு இந்தப் பசங்களை நம்ப வெச்சிருக்காங்களே, அவங்க மேல. அன்னிக்கு அரை மணி நேரம் போன்லயே பேசித் தீத்தேன். அப்புறமும் மனசு ஆறல. அதான் எழுத உக்காந்துட்டேன்.

முதல்லயே சொல்லிடறேன். கையில காசு கம்மியா வெச்சுக்கிட்டு ஸ்பெயின்ல ஒரே ஒரு பழைய ஊருக்குப் போகணும்னா, கிரனாடாவுக்குப் போங்க. இந்த ஊர்ல பாக்க வேண்டியதுல முக்கால்வாசி இலவசம். ராத்திரி சாப்பாடு ஏறக்குறைய இலவசம் (நிஜமாத்தாங்க, அந்தக் கதைக்கு வரேன்). காசு எடுத்து வைக்க வேண்டியது ஒரே ஒரு இடத்துக்குத்தான். அந்த இடத்துல மட்டும் கை இறுக்கவே கூடாது.

அந்த இடம் அல்ஹம்ப்ரா, தம்பி சொன்ன அதே கோட்டை. (அந்த ஊர்க்காரங்க 'ஹ'வை முழுங்கிட்டு அலாம்ப்ராங்கறாங்க. அரபியில அல் ஹம்ரா, அதாவது சிவப்பு. மண்ணை இடிச்சுக் கெட்டியாக்கிக் கட்டின மதில். சாயங்கால வெயில் பட்டா பேருக்கான காரணம் கண்ணுக்குத் தெரியும்.)

நான் போனது ஒரு நவம்பர் மாசம். மலாகா வரைக்கும் மலிவு விமானம், அங்கிருந்து பஸ்ல ரெண்டு மணி நேரத்துக்குள்ள கிரனாடா. வழி முழுக்க ஆலிவ் தோப்பு. சீப்பு வெச்சு வாரின மாதிரி வரிசை வரிசையா மரம். பஸ் ஸ்டாண்டு ஊருக்கு வெளியில. டவுன் பஸ் பிடிச்சு உள்ள வந்தேன்.

டிக்கெட் எடுக்காமத்தான் போனேன். போய் எடுத்துக்கலாம், சீசன் இல்லையேன்னு ஒரு நெனப்பு. ஹாஸ்டல் கவுண்டர்ல பையை இறக்கிட்டு, "நாளைக்கு அல்ஹம்ப்ரா போகணும்"னு சொன்னேன். அங்க இருந்த பொண்ணு ஒரு நிமிஷம் என்னையே பாத்துச்சு. அப்புறம் அதோட கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டுச்சு. காலண்டர்ல அடுத்த ஒன்பது நாளுக்கும் டிக்கெட் தீந்துடுச்சு.

எனக்கு இருந்தது நாலு ராத்திரி.

அந்த ராத்திரி எனக்குச் சரியாத் தூக்கம் வரல. இவ்வளவு தூரம் வந்து, எதிர் மலையில அரண்மனை விளக்குப் போட்டுக்கிட்டு நிக்குது, உள்ள போக முடியாதுன்னா எப்படி இருக்கும்? நீங்க இந்தப் பாடு பட வேண்டாம். நாள் முடிவானதுமே, விமான டிக்கெட்டுக்கும் முன்னாடி, அல்ஹம்ப்ரா டிக்கெட்டை அதோட அதிகாரபூர்வத் தளத்துல எடுத்துடுங்க. 20 யூரோவை ஒட்டி வரும். பாஸ்போர்ட் நம்பர் போட்டு உங்க பேர்லயே வரும், இன்னொருத்தருக்குக் கைமாத்த முடியாது. நஸ்ரி அரண்மனைகளுக்குள்ள (நஸ்ரிங்கறது கிரனாடாவை ஆண்ட முஸ்லிம் வம்சம்) போக தனியா ஒரு நேரம் குறிச்சிருப்பாங்க. அந்த நேரத்தைத் தவறவிட்டா அரண்மனை போச்சு, தோட்டமும் கோட்டையும் மட்டும்தான் மிச்சம்.

எனக்கு வழி சொன்னது அந்தக் கவுண்டர் பொண்ணுதான். "ரத்து பண்ற டிக்கெட் திரும்ப வரும். காலையில பாரு, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி பாரு. நீ ஒத்த ஆளு, உனக்குக் கிடைச்சிடும்"னுச்சு. ரெண்டாவது நாள் ராத்திரி பதினொண்ணரைக்கு ஒரே ஒரு டிக்கெட் வந்துச்சு. நாலாவது நாள், காலை எட்டரை மணி. தனியாப் போறதுல இது ஒரு பெரிய லாபம். நாலு பேர் சேந்து போயிருந்தா கிடைச்சிருக்காது. (இப்படியும் கிடைக்கலைன்னா கிரனாடா கார்டுன்னு ஒண்ணு இருக்கு. மத்த இடங்களையும் சேத்து விக்கிறது, விலை கூட. ஆனா சாதா டிக்கெட் தீந்த நாள்லயும் சில சமயம் அதுல இடம் இருக்கும்.)

ஆக, முதல் மூணு நாள் டிக்கெட் இல்லாத ஊரைப் பாத்தேன். இப்ப யோசிச்சா, அந்த மூணு நாள்தான் எனக்கு அந்த ஊரைக் காட்டிக் கொடுத்துச்சு.

ஹாஸ்டல் இருந்தது அல்பைசின்ல. அல்ஹம்ப்ராவுக்கு எதிர் மலை. பழைய அரபுக் குடியிருப்பு. ரெண்டு பேர் எதிரெதிரா வந்தா ஒருத்தர் சுவரோட ஒட்டிக்கணும், அவ்வளவு குறுகலான சந்து. தரை முழுக்கக் கூழாங்கல் பதிச்சிருக்காங்க. கறுப்பும் வெள்ளையுமா, பல இடத்துல கோலம் மாதிரி பூவும் கொடியும். நடுவுல நடுவுல மாதுளம்பழம். கிரனாடான்னா ஸ்பானிஷ்ல மாதுளைன்னே அர்த்தம். ஊர் முழுக்கத் தேடிப் பாருங்க, தெருப் பலகையில இருக்கும், கம்பத்துல இருக்கும், தண்ணிக் குழாய்ல இருக்கும். ஸ்பெயின் நாட்டு முத்திரையிலயே கீழ ஒரு மாதுளை இருக்கு, அது இந்த ஊருக்காகத்தான்.

(சக்கரம் வெச்ச பெட்டி கொண்டு போகாதீங்க. அந்தக் கல் தரையில ஒரு அம்மா பெட்டியை இழுத்துக்கிட்டு ஏறினாங்க, தெருவுல ஜன்னல் எல்லாம் திறந்துச்சு. முதுகுல மாட்டற பைதான் இங்க சரி.)

அல்பைசின்ல நடக்கும்போது சர்ச் பக்கத்துல செங்கல் வளைவு வெச்ச சின்ன மண்டபம் மாதிரி ஒண்ணு அடிக்கடி கண்ணுல பட்டுச்சு. என்னன்னு புரியல. மூணாவதைப் பாத்தப்ப நின்னு பலகையைப் படிச்சேன். தண்ணித் தொட்டி! அல்ஹிபேங்கறாங்க. முஸ்லிம் ஆட்சி நடந்தப்ப வாய்க்கால்ல வர தண்ணியைத் தெருவுக்குத் தெரு நிலத்தடித் தொட்டியில சேத்து வெச்சு, குடிக்கவும், மசூதியில கைகால் கழுவவும் எடுத்திருக்காங்க. பின்னாடி மசூதி இருந்த இடத்துல சர்ச் கட்டினாங்க. தொட்டியை மட்டும் விட்டுட்டாங்க, தண்ணி எல்லாருக்கும் வேணுமே. இருபதுக்கு மேல இன்னும் இருக்கு. அதுக்கப்புறம் சர்ச்சைப் பாத்தா முதல்ல தொட்டியைத்தான் தேடினேன்.

சாயங்காலமானா எல்லாரும் சான் நிகோலாஸ் மேட்டுக்கு ஏறிடுவாங்க. எதிர்ல அல்ஹம்ப்ரா முழுசாத் தெரியும், அதுக்குப் பின்னாடி சியெர்ரா நெவாதா மலை. நவம்பர்ல உச்சியில பனி விழ ஆரம்பிச்சிருந்துச்சு. அங்க இருக்கற முலாசென் சிகரம்தான் ஸ்பெயின், போர்ச்சுகல் சேந்த மொத்தத் தீபகற்பத்துலயும் உசரம், 3,479 மீட்டர். கிரனாடாவோட கடைசி சுல்தானுக்கு அப்பா பேரு அது.

கூட்டம் நெரிச்சுச்சு. எல்லார் கையிலயும் போன். நான் நாலு அடி தள்ளிப் போனேன். பக்கத்துலயே ஒரு மசூதி, 2003-ல திறந்தது. 500 வருஷத்துக்கு அப்புறம் அந்த ஊர்ல புதுசா எழும்பின மசூதி. அதோட தோட்டத்துக்குள்ள யாரும் போகலாம், காசு கிடையாது. அதே அல்ஹம்ப்ரா, அதே பனி மலை. கூட ரோஜாச் செடியும், ஒரு நீரூத்தும், பேசாம உக்காந்திருக்கற நாலு பேரும். நான் மூணு சாயங்காலமும் அங்கதான்.

இன்னும் மேல ஏற தெம்பு இருந்தா, சான் மிகேல் ஆல்தோங்கற சர்ச் வரைக்கும் போங்க. பழைய நஸ்ரி மதில் சுவர் அந்த மலையில நேரா ஏறிப் போகுது. மேல நின்னா அல்ஹம்ப்ராவே கீழ தெரியும்.

சரி, சாப்பாடு.

முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு நல்ல பசி. போன இடமெல்லாம் சமையலறை மூடியிருக்கு. மதியச் சாப்பாடு அங்க ரெண்டு மணிக்கு மேல, ராத்திரிச் சாப்பாடு எட்டரை ஒன்பதுக்கு மேல. இடையில கடையே தூங்குது. பழக்கப்படற வரைக்கும் பையில ஒரு ரொட்டியும் ரெண்டு வாழைப்பழமும் வெச்சுக்கோங்க.

எட்டரைக்கு மறுபடி கிளம்பினேன். ஒரு சின்ன பார். உக்கார இடமில்ல, கவுண்டர்ல நிக்கணும். நான் மது குடிக்க மாட்டேன். அதனால "ஊன் மோஸ்தோ"ன்னு கேட்டேன். புளிக்காத திராட்சைச் சாறு. பாருக்குப் போறவங்க எல்லாரும் குடிக்கறவங்களா இருக்கணும்னு அங்க யாரும் நெனக்கிறதில்ல, குழந்தைங்க, பாட்டிங்க எல்லாம் வராங்க. கவுண்டர்க்காரர் கிளாஸை வெச்சார். ரெண்டு நிமிஷத்துல ஒரு தட்டும் வந்துச்சு. உருளைக்கிழங்கு போட்டுத் தடிமனா சுட்ட முட்டை அடை ஒரு துண்டு, பக்கத்துல ரொட்டி. நான் கேக்கலியேன்னு கையைக் காட்டினேன். அவர் சிரிச்சுக்கிட்டே தட்டை என் பக்கம் நகத்தினார்.

இதுதாங்க கிரனாடா. ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு தட்டு சும்மா வரும். இதுக்குப் பேரு தாபா. (நம்ம நெடுஞ்சாலை தாபா வேற. இதுக்கு மூடின்னு அர்த்தம்.) ஸ்பெயின்ல மத்த பெரிய ஊர்கள்ல பெரும்பாலும் இதே தட்டுக்குத் தனியாக் காசு. இங்க ரெண்டாவது கிளாஸ் வாங்கினா ரெண்டாவது தட்டு, அதுவும் வேற பண்டம். மூணு கிளாஸ்ல ராத்திரிச் சாப்பாடே முடிஞ்சிடும். நான் போனப்ப ஒரு கிளாஸ் ரெண்டரை யூரோ.

ஏன் இந்த ஊர்ல இப்படின்னு அங்க பலரைக் கேட்டேன். ஆளுக்கொரு கதை சொன்னாங்க. என் கருத்து, மாணவர் கூட்டம் ஒரு முக்கியக் காரணம். 1531-ல தொடங்கின பல்கலைக்கழகம் இருக்கற ஊரு. தெருவெல்லாம் பசங்க. அவங்க கையில காசு இருக்காது, பசி இருக்கும். அவங்களுக்குக் கட்டுப்படியாகற கடைதான் அங்க நிக்கும். நீங்களும் அவங்க போற கடைக்கே போங்க. வாசல்ல நாலு மொழியில படம் போட்ட மெனு நின்னா, தாண்டிப் போயிடுங்க.

கறி சாப்பிடாதவங்களுக்கு ஒரு பாடம். ரெண்டாவது கிளாஸ் வாங்கறப்ப "கறி வேண்டாம்"னு அவங்க மொழியில சொன்னேன், "சின் கார்னே". உருளைக்கிழங்கு சாலட் வந்துச்சு. சந்தோஷமா ஒரு வாய் வெச்சா, உள்ள டூனா மீன்! அவரு ஏமாத்தல. அங்க கார்னேன்னா ஆட்டுக்கறி, மாட்டுக்கறி மாதிரித்தான் பலருக்கு அர்த்தம். மீன் அந்தக் கணக்குல வராது, பன்னித்தொடையை உப்புல போட்டு எடுக்கற ஹமோன்கூட சில பேர் கணக்குல வராது. அதனால மூணையும் சொல்லணும், "சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ". இதை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வெச்சுக்கிட்டேன். அடுத்த மூணு நாளும் பிரச்சனை வரல. அந்தச் சீட்டைப் பாத்துட்டு ஒரு கடைக்கார அம்மா, தட்டுல இருந்ததை அப்படியே எடுத்துட்டுப் போய், எனக்காகத் தனியாக் காளான் வதக்கிக் கொண்டாந்தாங்க. அதுக்கும் காசு வாங்கல.

காசு குடுத்து வாங்கிச் சாப்பிட வேண்டியது ஒண்ணு உண்டு. கத்தரிக்காயை மெல்லிசா நறுக்கி, மாவுல புரட்டி, மொறுமொறுன்னு பொரிச்சு, மேல கரும்புப்பாகை நூல் மாதிரி ஊத்தித் தருவாங்க. கத்தரிக்காய் பஜ்ஜியும் வெல்லப்பாகும்னு சொன்னா எங்கம்மா நம்பல. உப்பு முதல்ல, இனிப்பு பின்னாடி, கடைசியில கரும்பு கொதிக்கிற வாசனை. கத்தரிக்காயும் கரும்பும் அரபுக்காரங்க கொண்டாந்த பயிர்கள். கிரனாடாவுக்குத் தெக்க கடற்கரை ஓரம் இந்த நூத்தாண்டு தொடக்கம் வரைக்கும் கரும்பு வயல் இருந்துச்சு. கடைசி சர்க்கரை ஆலையை 2006-லதான் மூடினாங்க.

அந்தப் பாகு பாட்டிலை வாங்கக் கடைக்குப் போனப்ப, பக்கத்துத் தட்டுல சர்க்கரைப் பொட்டலம், மேல 'அசூகார்'னு போட்டிருந்துச்சு. அரபி சுக்கர்ல இருந்து வந்த பேரு. சுக்கர் வந்தது சமஸ்கிருத சர்க்கராவுல இருந்து, நம்ம சர்க்கரையும் அங்கிருந்துதான். அடுத்த கூடையில ஆரஞ்சு, 'நரான்ஹா'. அதுவும் அரபி வழி, பாரசீக வழி, சமஸ்கிருத வழி பின்னாடி போனா, நம்ம நாரத்தங்காய் பக்கம் வந்து நிக்குதுன்னு மொழியியல்காரங்க பலர் சொல்றாங்க. அத்தனை தூரத்துல, ஒரு மளிகைக் கடையில, சொந்தக்காரங்களைப் பாத்த மாதிரி இருந்துச்சு எனக்கு.

மூணாவது நாள் ஊருக்குள்ள இறங்கினேன். இசபெல் ராணி சதுக்கத்துல ஒரு சிலை. ராணி உக்காந்திருக்காங்க, எதிர்ல கொலம்பஸ் படியில நின்னு காகிதத்தை நீட்டறாரு. 1892-ல வெச்ச சிலை. 1492 ஜனவரி 2-ம் தேதி கடைசி சுல்தான் போவாப்தில் ஊரை ஒப்படைச்சாரு. அதே வருஷம் ஏப்ரல் 17-ல, கிரனாடாவுக்குப் பக்கத்துல ராஜா ராணி பாளையம் போட்டிருந்த சாந்தா ஃபேல கொலம்பஸுக்கு ஒப்பந்தம். மேற்கால போய் இந்தியாவைப் பிடிக்கறேன்னு கிளம்பின மனுஷன் சிலைக்குக் கீழ, இந்தியாவுல இருந்து வந்தவ நின்னு ரொட்டி சாப்பிட்டேன்.

அந்த ரெண்டு தேதிக்கும் நடுவுல இன்னொரு கையெழுத்தும் இருக்கு. மார்ச் 31. யூதர்கள் நாட்டை விட்டே வெளியேறணும்னு அல்ஹம்ப்ராவுல போட்ட உத்தரவு. முஸ்லிம்களுக்கு, உங்க மதத்துல கை வைக்க மாட்டோம்னு எழுதிக் குடுத்த வாக்கு பத்து வருஷம்கூட நிக்கல. பிப்-ரம்ப்லான்னு ஒரு சதுக்கம். இன்னிக்குப் பூக்கடை, சூடா சாக்லேட்ல முக்கிச் சாப்பிடற சுர்ரோஸ் கடை, குழந்தைங்க ஓடறாங்க. அங்கதான் அரபிப் புத்தகங்களைக் குவிச்சுப் போட்டுக் கொளுத்தினாங்க, கார்டினல் சிஸ்னேரோஸ் உத்தரவுல. இதைத் தெரிஞ்சுக்கிட்டு அங்க உக்காந்தா சுர்ரோஸ் தொண்டையில இறங்கல. அரை நாள் வர்றவங்களுக்கு அது அழகான சதுக்கம். மூணு நாள் இருந்தாத்தான் அது என்னன்னு தெரியும்.

பக்கத்துலயே கப்பியா ரியால், அரச குடும்பத்துச் சமாதி. நுழைவுக் காசு குடுத்துப் போனேன், வருத்தமில்ல. மேல ராணி இசபெல்லும் ராஜா ஃபெர்னாந்தோவும் பளிங்குல படுத்திருக்காங்க, மடிப்பு மடிப்பா உடை, கிரீடம். பக்கத்துல சின்னப் படி கீழ இறங்குது. குனிஞ்சு பாத்தா, வெறும் ஈயப் பெட்டிங்க. ஒரு அலங்காரம் கிடையாது. பாதி உலகத்தை ஆண்டவங்க அந்தப் பெட்டியில. நான் மேல பாத்ததை விடக் கீழ பாத்துக்கிட்டு நின்னதுதான் அதிகம்.

சாக்ரோமோந்தேங்கற மலைப் பகுதியில இருக்கற குகை வீடுகளைப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க. அங்க நடக்கற ஃப்ளமெங்கோ காட்சிக்கு என் பட்ஜெட்ல இடமில்ல. போற வழியில ஒரு பெரியவர் வீட்டு வாசல்ல உக்காந்து கிட்டார் வாசிச்சுக்கிட்டிருந்தாரு, கால் மணி நேரம் நின்னு கேட்டேன். போதும்.

நாலாவது நாள். காலையில ஏழரைக்கே கிளம்பிட்டேன். புதுச் சதுக்கத்துல இருந்து கோமேரெஸ் சரிவுல நடந்து ஏறினா, மாதுளை வாசல் தாண்டி மரக்காட்டுக்குள்ள பாதை போகுது. பஸ் தேவையே இல்ல. ரெண்டு பக்கமும் ஓடைத் தண்ணி கூடவே சலசலன்னு இறங்குது. போன்ல டிக்கெட் இருந்தா மேல பெரிய நுழைவாயிலுக்குச் சுத்த வேண்டாம். 1348-ல கட்டின நீதி வாசல் வழியாவே உள்ள போயிடலாம், அரண்மனை பக்கம்.

உள்ள பாத்ததை எல்லாம் எழுத மாட்டேன். மூணே மூணு விஷயம் சொல்லிட்டு விட்டுடறேன், மிச்சத்தை நீங்க பாருங்க.

கோமாரெஸ் முற்றத்துல நீளமா ஒரு குளம், ரெண்டு பக்கமும் மிர்ட்டில் செடி வேலி. தண்ணி கண்ணாடி மாதிரி நிக்குது, கோபுரம் தலைகீழாத் தெரியுது. ரெண்டு ஓரத்துலயும் வட்டக் கிண்ணம் மாதிரி ஊத்து, தண்ணி உள்ள வந்துக்கிட்டேதான் இருக்கு. ஆனா குளத்துல ஒரு அலை இல்ல! குத்துக்கால் போட்டு உக்காந்து பாத்தேன். தண்ணி நேரா குளத்துல விழல. கிண்ணத்துல சுத்தி, குறுகலான காடி வழியா வேகத்தைத் தொலைச்சுட்டு, ஓசையில்லாம நழுவி உள்ள போகுது. கோபுரத்தோட நிழல் கலையக் கூடாதுன்னு இத்தனை வேலை.

சிங்க முற்றத்துல 12 சிங்கம், சுத்தி 124 தூண். சிங்கங்களை ஒவ்வொண்ணா உத்துப் பாருங்க, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. சுவர் முழுக்கச் சுதையில எழுத்து. அரபி படிக்கத் தெரியாத எனக்கே ஒரு வரி திரும்பத் திரும்ப வர்றது தெரிஞ்சுச்சு. "இறைவனைத் தவிர வெல்பவன் எவனுமில்லை." நஸ்ரி வம்சத்தோட முழக்கம் அது. ஊரை ஜெயிச்ச ராஜா ராணியும் அந்தச் சுவரை இடிக்காம அதே அரண்மனையில தங்கியிருக்காங்க.

மூணாவது, ஹெனரலிஃபே தோட்டத்துத் தண்ணிப் படிக்கட்டு. என்னால மறக்கவே முடியாதது அதுதான். படிக்கட்டோட கைப்பிடிச் சுவர் மேல, நாம கை வெச்சு ஏறற இடத்துல, வளைஞ்ச ஓட்டுக் காடி. அதுல தண்ணி ஓடுது! லாரல் மரங்க கூரையா கவிஞ்சு இருட்டா இருக்கு, காதுக்கு ரெண்டு பக்கமும் தண்ணிச் சத்தம். விரலை வெச்சேன். பனி உருகின மாதிரி ஜில்லிப்பு.

இத்தனை தண்ணி மலை மேல எப்படி வந்துச்சு? ஆறு, தார்ரோ, கீழ பள்ளத்துல ஓடுது. அரண்மனை மேல. அந்தக் காலத்துல மோட்டார் ஏது? 1238-ல முதலாம் முகமது இந்த மேட்டுல கோட்டை கட்ட வந்தப்ப செஞ்ச முதல் வேலைகள்ல ஒண்ணு இது. ஆத்தோட போக்குக்கு எதிரா ஏறக்குறைய 6 கிலோமீட்டர் மேல போய், அங்க ஆறு உசரத்துல ஓடறப்பவே ஒரு தடுப்பணை கட்டி, மலை இடுப்போட ஒரு வாய்க்கால் வெட்டிட்டாங்க. ஆறு வேகமாப் பள்ளத்துல இறங்கிடுது. வாய்க்கால் கொஞ்சமே கொஞ்சம் சரிவுல, உசரத்தை விட்டுக் குடுக்காம நடந்து வருது. கோட்டைக்கு வந்து சேரும்போது ஆறு கீழ, வாய்க்கால் மேல. ராஜ வாய்க்கால்னு பேரு, அசெகியா ரியால். தஞ்சாவூர்ப் பக்கம் வாய்க்கால் கரையில வளந்தவ நான். மடை திறந்தா தண்ணி எந்தப் பக்கம் போகும்னு எங்க தாத்தா மண்ணைப் பாத்தே சொல்லுவாரு. அவரைக் கூட்டிட்டு வந்திருக்கணும்னு அந்தப் படிக்கட்டுல உக்காந்து கண் கலங்கிட்டேன்.

மத்தியானம் ரெண்டரை வரைக்கும் உள்ளயே இருந்தேன். 20 யூரோவுக்கு ஆறு மணி நேரம்.

செலவுக் கணக்கு கேப்பீங்க, சொல்லிடறேன். டார்மிட்டரி படுக்கை ஒரு ராத்திரிக்கு 22 யூரோ. காலையில ரொட்டியை வாட்டி, துருவின தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் ஊத்தித் தருவாங்க, காபியோட 3 யூரோ. மதியம் சூப்பர் மார்க்கெட்ல ரொட்டி, சீஸ், பழம், 4 யூரோ. ராத்திரி மூணு மோஸ்தோ, மூணு தட்டு, ஏழரை. தண்ணி தெருக் குழாய்ல பிடிச்சேன், குடிக்க நல்லாவே இருக்கும். ஆக, நாளுக்கு 40 யூரோவுக்குள்ள. அல்ஹம்ப்ராவும் கப்பியா ரியாலும் தனி. அதே நாட்டுல பார்சிலோனாவுல எனக்குப் படுக்கைக்கே இதுல பெரும்பங்கு போச்சு.

மிச்சம் பிடிக்கணும்னா படுக்கையில பிடிங்க, பஸ்ல பிடிங்க, மதியச் சாப்பாட்டுல பிடிங்க. நாளைக் குறைச்சு மிச்சம் பிடிக்காதீங்க. அரை நாளைக்கு வந்தாலும் போக வர பஸ் காசு அதேதான். அந்த ஊர்ல கூடுதலா ஒரு நாள் இருக்க ஆகறது 40 யூரோ, ஊருக்கு ஊர் ஓடற ஒரு டிக்கெட் விலை.

தம்பி, இதைப் படிச்சா இன்னிக்கு ராத்திரியே அந்தத் திட்டத்தைத் திருத்து. பார்சிலோனாவுல ஒரு நாள், மாட்ரிட்ல ஒரு நாள் எடுத்து கிரனாடாவுல போடு. மூணு ராத்திரி. அல்ஹம்ப்ரா டிக்கெட்டைக் காலை எட்டரைக்கு எடு. எடுத்துட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடு, கத்தரிக்காய் பொரியல் எந்தத் தெருவுல நல்லா இருக்கும்னு சொல்றேன்.